ஐந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவுல

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" இந்தப் பழமொழியைச் சொன்னவங்க மேல எனக்கு ஒரு சின்னக் கோபம் உண்டு. அஞ்சு வயசுல என்னை யாரும் வளைய விட்டாத்தானே? யூகேஜியில கர்சிவ் ரைட்டிங். ஆறாம் வகுப்புல ஐஐடி ஃபவுண்டேஷன். வாரத்துக்கு ரெண்டு பி.டி. பீரியட் டைம்டேபிள்ல இருக்கும். ஒண்ணை மேத்ஸ் மிஸ் வாங்கிக்குவாங்க, இன்னொண்ணை சயின்ஸ் மிஸ். இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்ல. தமிழ் மீடியத்துல படிச்ச என் ரூம்மேட்டும் "எங்க ஸ்கூல்லயும் அதேதான்டி"ன்னு சொல்றா. மொழி எதுவா இருந்தாலும் பி.டி. பீரியடுக்கு ஒரே கதிதான்.

ஆக, ஆறு வயசுல இருந்து இருபது வயசு வரைக்கும் நான் உட்கார்ந்தே இருந்தேன். ஸ்கூல் வேன், பெஞ்சு, டியூஷன், டைனிங் டேபிள், அப்புறம் காலேஜ் பஸ், ட்ராயிங் ஹால் ஸ்டூல், லேப்டாப். குனிஞ்சு கால் விரலைத் தொடுன்னா முழங்காலுக்குக் கீழ ஒரு சாண் வரைக்கும்தான் கை போகும். அப்படிப்பட்ட நான் போன வருஷம் ஜனவரியில, ஆறாவது செமஸ்டர் ஆரம்பத்துல, ஸ்ப்ளிட்ஸ் பழக ஆரம்பிச்சேன். பதிமூணு மாசம் ஆகுது.

ஸ்ப்ளிட்ஸ்ல ரெண்டு வகை. ஒரு காலை முன்னாடியும் இன்னொண்ணைப் பின்னாடியும் நீட்டி, இடுப்பு தரையைத் தொடுற மாதிரி உட்கார்றது ஒண்ணு. அது ஃப்ரன்ட் ஸ்ப்ளிட். ரெண்டு காலையும் பக்கவாட்டுல விரிச்சு உட்கார்றது சைடு ஸ்ப்ளிட். ரெண்டு லாரிக்கு நடுவுல கால் வெச்சு, லாரி ரெண்டும் ரிவர்ஸ்ல விலக விலக ஒருத்தர் அசையாம நிப்பாரே, அந்த வால்வோ விளம்பரம், அது சைடு ஸ்ப்ளிட். நடிச்சவர் ஜான் கிளாட் வான் டாம். 2013-ல அது வந்தப்போ அவருக்கு 53 வயசு. பழமொழிக்கு நல்ல பதிலடின்னு நினைச்சு நான் குதிச்சேன். அப்புறம்தான் படிச்சேன், அவர் சின்ன வயசுலயே கராத்தே, டீன் ஏஜ்ல பாலே. அதாவது அஞ்சுலயோ அதுக்குக் கொஞ்சம் பக்கத்துலயோ வளைஞ்சவர். நமக்கு சாட்சியா வரமாட்டார்.

ஏன் திடீர்னு இந்த ஆசைன்னு கேக்கறவங்களுக்கு: எங்க காலேஜ் கல்ச்சுரல்ஸ். குரூப் டான்ஸ்ல ஒரு பையன் பாட்டோட கடைசி பீட்ல ஸ்ப்ளிட் அடிச்சான். ஆடிட்டோரியம் எழுந்து நின்னு கை தட்டிச்சு. ரெண்டு ஐட்டம் கழிச்சு ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு ஒருத்தி அதையே பண்ணா, அவனை விட சுத்தமா, ரெண்டு முழங்காலும் நேரா. அவளுக்கும் சத்தம் வந்துச்சு. ஆனா அது வேற சத்தம். பின் வரிசையில இருந்து வந்த விசிலையும் அதோட வந்த கமென்ட்டையும் இங்க எழுத மாட்டேன். அங்க இருந்த பொண்ணுங்க எல்லாருக்கும் காதுல விழுந்துச்சு. மேடையில நின்ன அவளுக்கும் விழுந்திருக்கும். அவ சிரிச்சுக்கிட்டே கும்பிட்டுட்டு இறங்கிப் போனா.

அன்னைக்கு ராத்திரி ஹாஸ்டல் ரூம்ல கதவைத் தாழ் போட்டுட்டு நான் கால் நீட்டிப் பார்த்தேன். கோபத்துல பண்ணினேனா, பொறாமையில பண்ணினேனான்னு இப்போ பிரிச்சுச் சொல்ல முடியாது. ரெண்டும் இருந்துச்சு.

நான் மெக்கானிக்கல். அளக்காம எதையும் ஆரம்பிக்க விட மாட்டாங்க. ரூம்மேட் ஸ்கேல் பிடிச்சா. வலது கால் முன்னாடி வெச்சா இடுப்புக்கும் தரைக்கும் நடுவுல 11 இன்ச். இடது கால் முன்னாடி வெச்சா 13. அந்தரத்துல அப்படியே நிக்க முடியாது, கையை ஊன்றியாகணும், இல்ல இடுப்புக்குக் கீழ ஏதாவது வைக்கணும். யோகா பிளாக் விலை பார்த்தேன், மெஸ் பில் ஞாபகம் வந்துச்சு. கையில இருந்தது குர்மியோட மெஷின் டிசைனும் கிரேவாலோட மேத்ஸும். ரெண்டையும் அடுக்கினா நல்ல உயரம். ஆனா புத்தகத்து மேல உட்காரப் போறேன்னு தெரிஞ்சதும் ரூம்மேட் ரெண்டையும் பிடுங்கி, கண்ணுல ஒத்திட்டு, ஷெல்ஃபுல வெச்சுட்டா. "அரியர் வெச்சுத் தொலைக்கப் போறடி." அவ சிவில். மறுநாள் புது பிளாக் கட்டுற இடத்துல மேஸ்திரிகிட்ட கேட்டு ஒரு செங்கல் வாங்கிட்டு வந்தா.

செங்கல் ஒரு அருமையான சாதனம். நிக்க வெச்சா 9 இன்ச், பக்கவாட்டுல வெச்சா நாலரை, படுக்க வெச்சா 3. ஒரே பொருள், மூணு லெவல். நியூஸ்பேப்பர் சுத்தி, மேல பழைய துப்பட்டா கட்டி வெச்சிருக்கோம். காசு கொடுத்து ஆன்லைன்ல வாங்குறதுக்கு முன்னாடி உங்க காலேஜ்ல எந்த பிளாக் கட்டிக்கிட்டு இருக்காங்கன்னு பாருங்க. எந்தக் காலேஜ்லயும் ஏதாவது ஒரு பிளாக் கட்டிக்கிட்டுத்தான் இருப்பாங்க.

இப்போ கொஞ்சம் தியரி.

ஃப்ரன்ட் ஸ்ப்ளிட்ல மாட்டிக்கிறது முக்கியமா ரெண்டு இடம். முன்னாடி நீட்டுற கால்ல தொடையோட பின்பக்கம், ஹாம்ஸ்ட்ரிங். அது ஒரு தசை இல்ல, மூணு. மூணும் நாம உட்கார்ற எலும்புல இருந்து கிளம்பி முழங்காலுக்குக் கீழ போய் ஒட்டுது. பின்னாடி நீட்டுற கால்ல இடுப்போட முன்பக்கம், ஹிப் ஃப்ளெக்ஸர். அதுல முக்கியமான சோயாஸ் தசை கீழ் முதுகெலும்புல இருந்து புறப்பட்டு இடுப்புக்குள்ள இறங்கி தொடை எலும்புல முடியுது. நாற்காலியில உட்கார்ந்திருக்கிற நேரம் முழுக்க அது சுருங்கின நிலையிலதான் இருக்கும். பதினாலு வருஷமா உட்கார்ந்தவளுக்கு எது முதல்ல கத்தும்னு நீங்களே ஊகிச்சுக்கலாம். எல்லாரும் முன் கால்தான் பிரச்சினைன்னு நினைக்கிறாங்க. எனக்குப் பின் கால்தான் வில்லன்.

செகண்ட் இயர்ல எஸ்.ஓ.எம். லேப் ஞாபகம் இருக்கா? யு.டி.எம்.ல மைல்டு ஸ்டீல் ராடை மாட்டி இழுப்போம். கிராஃப் நேரா ஏறும், யீல்டு பாயின்ட் வரும், அப்புறம் ராட் நடுவுல கழுத்து மாதிரி ஒல்லியாகி டமால்னு உடையும். ஸ்ட்ரெட்சிங்ன்னதும் என் மண்டையில ஓடின படம் இதுதான். இழுத்தா நீளும், நிறைய இழுத்தா நிறைய நீளும், ரொம்ப இழுத்தா பிய்யும். உடம்பு அப்படி வேலை செய்யறதில்லன்னு படிக்கப் படிக்கத் தெரிஞ்சுது. தசையும் நாணும் ஸ்டீல் மாதிரி இல்ல, விஸ்கோ எலாஸ்டிக். ஒரே நீளத்துல பிடிச்சு வெச்சா உள்ள இருக்கிற இழுவிசை கொஞ்சம் கொஞ்சமாக் குறையும். மெட்டீரியல் சயின்ஸ்ல ஸ்ட்ரெஸ் ரிலாக்ஸேஷன்னு ரெண்டு மார்க் கொஸ்டின் வருமே, அதேதான். ஒரு ஸ்ட்ரெட்சைப் பிடிச்ச முதல் பத்து செகண்ட் உயிர் போகும், இருபதாவது செகண்ட்ல "பரவால்ல"ன்னு ஆகும். ஆனா அது அப்போதைக்குத்தான். எழுந்து நடந்து கொஞ்ச நேரத்துல பழைய நிலைக்கே வந்துடும்.

அப்போ மாசக்கணக்குல பண்ணும்போது கூடுதே, அது எப்படி? இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் வருது. 2010-ல வெப்ளர், மாக்னுசன்னு ரெண்டு பேர் அதுவரைக்கும் வந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து ஒரு கட்டுரை எழுதினாங்க. மூணு முதல் எட்டு வாரம் வரைக்கும் பண்ற ஸ்ட்ரெட்சிங்ல தசையோட நீளம் கூடுறதா நாம நினைக்கிறோம், உண்மையில மாறுறது உணர்வுதான்ங்கிறது அவங்க வாதம். அதாவது முன்னாடி எந்த இடத்துல மூளை "நிறுத்து"ன்னு கத்துச்சோ, அந்த இடம் தள்ளிப் போகுது. ராட் நீளல, அலாரம் செட்டிங் மாறுது.

அந்த அலாரத்துக்கு வரலாறும் இருக்கு. தசைக்குள்ள ஸ்பிண்டில்னு குட்டி சென்சார்கள். தசை வேகமா நீண்டா அது தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்பும், தண்டுவடம் மூளையைக் கேக்காமலே அந்தத் தசையைச் சுருங்க வைக்கும். டாக்டர் முழங்கால்ல சின்ன சுத்தியலால தட்டினா கால் தானா எகிறுதே, அதுதான். லிட்டல், ஷெரிங்டன் ரெண்டு பேரும் 1924-ல இதை விவரமா எழுதினாங்க, ஷெரிங்டனுக்கு 1932-ல நோபல். கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்குச் சொல்லணும்னா, இது ஒரு ஃபீட்பேக் லூப். எகிறி எகிறிக் குதிச்சு ஸ்ட்ரெட்ச் பண்ணினா லூப் எதிர்த்து இழுக்கும். மெதுவா இறங்கினா விட்டுக் கொடுக்கும். ஒரு சிஸ்டம் எதிர்க்குதுன்னா அது கெட்ட சிஸ்டம் இல்ல, அதுக்குக் கொடுத்த இன்புட் வேகமா இருக்குன்னு அர்த்தம்.

நான் பண்றது இவ்வளவுதான். முதல்ல நாலு மாடி படி ரெண்டு தடவை ஏறி இறங்குவேன், உடம்பு சூடாகணும். அப்புறம் ஒரு முழங்காலை ஊன்றி, இன்னொரு காலை முன்னாடி மடக்கி, பின் கால் பக்கப் புட்டத்தை இறுக்கிப் பிடிப்பேன். இந்த இறுக்கல் இல்லாம இடுப்பை முன்னாடி தள்ளினா கீழ் முதுகு மட்டும் வளையும், சோயாஸ் ஹாயா உட்கார்ந்திருக்கும். அடுத்து முன் காலை நீட்டி, முதுகு நேரா, இடுப்புல இருந்து குனிவேன். ஒவ்வொண்ணும் 30 செகண்ட், ரெண்டு மூணு தடவை. 30-ங்கிறது சும்மா வந்த நம்பர் இல்ல. 1994-ல பேண்டி, ஐரியன் ரெண்டு பேரும் 57 பேரை வெச்சு ஆறு வாரம் பார்த்ததுல, ஹாம்ஸ்ட்ரிங்குக்கு 15 செகண்டை விட 30 மேல், ஆனா 30-க்கும் 60-க்கும் வித்தியாசம் இல்லைன்னு வந்துச்சு. சோம்பேறிகளுக்கு விஞ்ஞானம் இந்த மாதிரி எப்பவாவதுதான் சாதகமாப் பேசும்.

கடைசியா செங்கல்லை வெச்சு ஸ்ப்ளிட்ல இறங்குவேன். கோரைப்பாயில பின் முழங்கால், டைல்ஸ் தரையில முன் குதிகால், அதுக்கு ஒரு சாக்ஸ் மாட்டினா வழுக்கிக்கிட்டுப் போகும். இறங்கினதும் சும்மா தொங்கக் கூடாது. முன் குதிகாலைத் தரைக்குள்ள அழுத்தணும், காலைப் பின்னாடி இழுக்கிற மாதிரி. அஞ்சாறு செகண்ட். அப்புறம் மூச்சை விட்டுத் தளர்த்தினா ஒரு விரற்கடை கீழ இறங்கும். இந்த அழுத்தித் தளர்த்துற முறையோட மூலம் 1940-கள்ல ஹெர்மன் கபாட்னு ஒரு அமெரிக்க டாக்டரும் மார்கரெட் நாட்னு ஒரு பிசியோதெரபிஸ்டும் போலியோ, பக்கவாத நோயாளிகளுக்காக உருவாக்கின சிகிச்சை. நடக்க முடியாதவங்களுக்காக யோசிச்சது, இப்போ ஜிம்னாஸ்ட்ல இருந்து என்னை மாதிரி ஆள் வரைக்கும் வந்திருக்கு.

மொத்தம் 25 நிமிஷம். வாரத்துக்கு நாலு நாள். தசையோட நடுவுல இழுக்கிற வலி ஓகே. உட்கார்ற எலும்புகிட்ட ஊசி குத்துற மாதிரியோ, இடுப்பு மடிப்புல கிள்ளுற மாதிரியோ வந்தா அன்னைக்கு அதோட எழுந்துடணும். பீரியட்ஸ் டைம்ல எனக்கு மூடு இருந்தா பண்ணுவேன், இல்லைன்னா போர்வைக்குள்ள கிடப்பேன். அதுக்கு எந்த ஆராய்ச்சியும் தேவையில்ல.

முதல் மூணு மாசத்துல 11, 7 ஆச்சு. அப்புறம் ஜூலையில இருந்து பிளேஸ்மென்ட் சீசன். உங்களுக்கே தெரியும். எலிஜிபிள் லிஸ்ட், ஆப்டிட்யூட், கோடிங் ரவுண்டு, "வீ வில் கெட் பேக் டு யூ". கோர் கம்பெனி ஒண்ணோட கடைசி ரவுண்டுல "ஷாப் ஃப்ளோர்ல லேடீஸ் கஷ்டம், ஷிஃப்ட் இருக்கும், ஓகேவா"ன்னு கேட்டாங்க. ஓகேன்னேன். லிஸ்ட்ல என் பேர் வரல, என்னை விட சிஜிபிஏ கம்மியா இருந்த ரெண்டு பசங்க பேர் வந்துச்சு. இதுக்கு நான் விளக்கம் சொல்லப் போறதில்ல. அன்னைக்கு சாயங்காலமும் பாயைப் போட்டேன். ஆகஸ்ட் முழுக்க, செப்டம்பர் முழுக்க அளவு 7-லயே நின்னுச்சு. ஆனா ஒண்ணு. அந்த 7 இன்ச்சுக்கு என் பேர், ஊர், ஆணா பெண்ணா, பத்தாவது பர்சன்டேஜ் எதுவும் தேவைப்படல. பாயில உட்கார்ற 25 நிமிஷம் யாரும் என்னை ஷார்ட்லிஸ்ட் பண்ணல. அந்த ரெண்டு மாசம் நான் விடாம இருந்ததுக்கு மன உறுதி எல்லாம் காரணம் இல்ல, இதுதான் காரணம்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். மன்னார்குடி பக்கம். வீட்டு ஹால்லயே பாயைப் போட்டு உட்கார்ந்தேன். அம்மா சமையல்கட்டுல இருந்து எட்டிப் பார்த்துட்டு, ஒரு நிமிஷம் ஒண்ணும் பேசல. அப்புறம் ஜன்னலைப் போய்ச் சாத்துனாங்க.

"என்னடி இது, காலை அகட்டிக்கிட்டு. அப்பா வர்ற நேரம்."

"எக்சர்சைஸ்மா."

"யோகா பண்ணு, யார் வேணாங்கறா. இது என்ன யோகா?"

அத்தை பண்டிகைக்கு வந்திருந்தாங்க. அவங்க இன்னும் நேராவே சொன்னாங்க, குரலை மட்டும் இறக்கிட்டு. "நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போற புள்ள. இதெல்லாம் பண்ணா உள்ள என்னமாவது ஆயிடும். அப்புறம் மாப்பிள்ளை வீட்ல ஒரு பேச்சு வந்துச்சுன்னா யார் பதில் சொல்றது?"

என்ன சொல்ல வர்றாங்கன்னு புரிய எனக்கு அரை நிமிஷம் ஆச்சு. புரிஞ்சதும் முகம் சூடாயிடுச்சு. நான் பதிமூணு மாசம் பேசாத விஷயத்தை இங்க எழுதலாமான்னு யோசிச்சேன். இந்த இதழைப் படிக்கிற பொண்ணுங்கள்ல பாதிப் பேராவது சைக்கிள் ஓட்டாதே, ஏறிக் குதிக்காதேன்னு இதே பேச்சை வேற வார்த்தையில கேட்டிருப்பீங்க, அதனால எழுதறேன். கன்னித்திரையைப் பார்த்து ஒரு பொண்ணைப் பத்தி எதையும் சொல்ல முடியாது. அது ஒவ்வொருத்தருக்கும் பிறவியிலயே வேற வேற மாதிரி இருக்கும். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வோட ரெண்டு அமைப்புகளும் 2018-ல, கன்னித்தன்மைச் சோதனைன்னு ஒண்ணுக்கு மருத்துவ அடிப்படையே கிடையாது, அதைத் தடை பண்ணுங்கன்னு சேர்ந்து அறிக்கை விட்டாங்க. இதை நான் அத்தைகிட்ட மொபைல்ல காட்டினேன். அத்தை கண்ணாடி போடலைன்னுட்டாங்க. நான் படிச்சுக் காட்டினேன். "நீ இங்கிலீஷ்ல எத வேணா படிப்ப"ன்னு எழுந்து போயிட்டாங்க. நான் தமிழ்லதான் சொன்னேன்.

அம்மா அன்னைக்கு முழுக்க என்கிட்ட சரியாப் பேசல. ராத்திரி படுக்கும்போது, "கதவைச் சாத்திட்டுப் பண்ணு"ன்னு மட்டும் சொன்னாங்க. பண்ணாதேன்னு சொல்லலையேன்னு நான் எடுத்துக்கிட்டேன். அம்மா என்ன நினைச்சு சொன்னாங்களோ, இன்னைக்கு வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் அதைப் பத்தி மறுபடி பேசிக்கல.

வீட்ல இதைப் பார்த்து அலட்டிக்காத ஒரே ஆள் அப்பாயி. அப்பாவோட அம்மா, 74 வயசு. பொங்கலுக்குப் போனப்போ, கதவைச் சாத்தியிருந்த ரூமுக்குள்ள வெத்தலைப் பெட்டியோட வந்து கட்டில்ல உட்கார்ந்து பார்த்தாங்க.

"ஏன்டி ஆயி, இதுக்கு என்ன குடுப்பாங்க?"

"ஒண்ணும் குடுக்க மாட்டாங்க அப்பாயி."

"அப்புறம் எதுக்கு?"

பதில் சொல்லத் தெரியாம, "நீங்க குனிஞ்சு தரையைத் தொடுங்க பார்ப்போம்"னேன். சேலையை இழுத்துச் செருகிட்டு, முழங்கால் மடங்காம, ரெண்டு உள்ளங்கையும் தரையில பதிய வெச்சாங்க. விரல் இல்ல, உள்ளங்கை. நான் ஆறு மாசம் பழகி விரல் நுனியில தொட்டது அது.

யோசிச்சுப் பார்த்தா ஆச்சரியம் இல்ல. பத்து வயசுல இருந்து நாற்பது வருஷம் நடவு. குறுவைக்கு ஒரு தடவை, தாளடிக்கு ஒரு தடவை. சேத்துல கால் புதைஞ்சிருக்க, இடுப்புல இருந்து மடிஞ்சு, காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் பின்னாடியே நகர்ந்து நாத்து ஊன்றது. ஹாம்ஸ்ட்ரிங் ஸ்ட்ரெட்ச்னா அதுதான் ஹாம்ஸ்ட்ரிங் ஸ்ட்ரெட்ச், 30 செகண்ட் இல்ல, அஞ்சு மணி நேரம். அப்புறம் அருவாமனை முன்னாடி, அடுப்பு முன்னாடி, எல்லாம் குத்த வெச்சு. "அந்தக் காலத்து உடம்பு"ன்னு ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல வர்ற ஃபார்வர்டு மாதிரி இதை முடிச்சுடலாம். ஆனா அப்பாயி நிமிரும்போது கட்டிலைப் பிடிச்சுக்கிட்டுதான் நிமிர்ந்தாங்க. முப்பது வருஷமா இடுப்பு வலி. தைலம் இல்லாத ராத்திரி கிடையாது. அவங்களுக்கு வளையறதுக்குக் கூலி கொடுத்தாங்க, எப்போ நிமிரணும்னு முடிவு பண்ற உரிமையை யாரும் கொடுக்கல. எனக்குக் கூலி கிடையாது, வலிச்சா எழுந்துக்கலாம். இதுக்கு என்ன குடுப்பாங்கன்னு அவங்க கேட்டது வேடிக்கைக் கேள்வி இல்லைன்னு பஸ்ல திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைச்சுது.

ஹாஸ்டல்ல இப்போ ரூம் பத்தாம காரிடார்க்கு வந்துட்டோம். எங்க பக்க ஜிம்மை ஆறரைக்கு மூடிடுவாங்க, பாய்ஸ் சைடுல ஒன்பது வரைக்கும் திறந்திருக்கும். காரிடாருக்குப் பூட்டு கிடையாது. செகண்ட் இயர் நாலு பேர், என் ரூம்மேட், அப்புறம் கல்ச்சுரல்ஸ்ல ஆடின அந்தப் பொண்ணு. அவ வந்த முதல் நாள் என் இடுப்பைப் பார்த்து, "அக்கா, பின் கால் வெளிய திரும்புது, முட்டி தரையைப் பார்க்கணும்"னா. திருத்தினதும் 4 இன்ச் மறுபடி 5 ஆச்சு. பயங்கரக் கடுப்பு. ஆனா அவ சொன்னது சரி. பின் காலோட இடுப்பு மூட்டு நேர் பின்னாடி சுமார் 20 டிகிரிதான் போகும், முன்னாடி இலியோஃபெமோரல்னு ஒரு தசைநார் தடுக்கும். உடம்புலயே ரொம்ப பலமானதுல ஒண்ணு. அது இல்லைன்னா நாம நிக்கவே கஷ்டப்படுவோம். மிச்சத்தை இடுப்பெலும்பு சாய்ஞ்சும் முதுகு நிமிர்ந்தும்தான் சரிக்கட்டணும். அதனால இன்ஸ்டால பார்க்கிற பாதி ஸ்ப்ளிட்ல பின் இடுப்பு வெளிய திரும்பித்தான் இருக்கும். தப்பில்ல, ஆனா அது வேற கணக்கு. கல்ச்சுரல்ஸ் அன்னைக்கு வந்த விசிலைப் பத்தி அவகிட்ட ஒரு நாள் கேட்டேன். "ரிகர்சல் எட்டு வாரம்க்கா, அவனுங்க விசில் எட்டு செகண்ட்"னா. மேல பேச அவளுக்கு இஷ்டம் இல்ல, நானும் விட்டுட்டேன்.

பிப்ரவரி ரெண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, புராஜெக்ட் செகண்ட் ரிவ்யூ முடிஞ்ச சாயங்காலம், வலது கால் முன்னாடி. அழுத்தி, தளர்த்தி, மூச்சு விட்டப்போ தொடைக்குக் கீழ சில்லுன்னு இருந்துச்சு. டைல்ஸ். ரூம்மேட் ஒரு ஏ4 பேப்பரை உள்ள நுழைக்கப் பார்த்தா, போகல. ஃபீலர் கேஜ் இருந்தா அதையும் விட்டுப் பார்த்திருப்பா. யாரோ போட்டோ எடுக்கவான்னு கேட்டாங்க. எடுத்தோம். எங்கயும் போடல. அம்மாவுக்கு அனுப்பினேன். ப்ளூ டிக் வந்துச்சு, ஒரு மணி நேரம் கழிச்சு "சாப்பிட்டியா"ன்னு வந்துச்சு.

சைடு ஸ்ப்ளிட் எனக்கு வருமான்னு கேக்கறாங்க. அதுல எலும்பும் கணக்குல வரும். காலை நேரா பக்கவாட்டுல விரிச்சா தொடை எலும்போட கழுத்து இடுப்புக் குழியோட விளிம்புல போய் இடிக்கும், இடுப்பை முன்னாடி சாய்ச்சாலோ காலை வெளிய திருப்பினாலோதான் வழி விடும். குழியோட ஆழமும் கோணமும் ஆளுக்கு ஆள் மாறும், அதை எந்த ஸ்ட்ரெட்ச்சும் மாத்தாது. பார்ப்போம். முதல்ல இடது கால் மிச்சம் இருக்கு. நேத்து அளந்ததுல இன்னும் 2 இன்ச். செங்கல்லோட சின்னப் பக்கமே 3 இன்ச்ங்கிறதால இப்போதைக்கு மடிச்ச பெட்ஷீட்தான் வெச்சிருக்கேன், ரெண்டு நாளைக்கு ஒரு மடிப்பு பிரிக்கிறோம்.